ரிச்சி தெருவில் ஒரு மதர்போர்டு வாங்கிய கதை

அக்கா பையனுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தருகிறேன் என்று டொராண்டோவில் இருந்தபோதே வாய் கொடுத்துவிட்டேன். 2025 கடைசியில் மெமரி விலை எகிறிய எகிறில் புதுத் தலைமுறை மெமரியான டிடிஆர்5 ரேம் வாங்கினால் பட்ஜெட் தாங்காது. அவனுடைய பழைய மெஷினிலோ முந்தைய தலைமுறையைச் சேர்ந்த இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, அதற்கு ஏற்ற மதர்போர்டாகப் பிடிப்போம் என்று முடிவு. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில், ஏஎம்டியின் ஏஎம்5 என்றால் அந்தப் பேச்சே கிடையாது, டிடிஆர்5 மட்டும்தான். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பி760 வகை போர்டு டிடிஆர்4க்குத் தனியாக, டிடிஆர்5க்குத் தனியாக என இரண்டு விதமாகவும் வருகிறது. பல மாடல்களில் பெயருக்குப் பின்னால் டி4 என்று ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் போதும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சென்னை வந்ததும் பையனோடு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். தெரு மாறவே இல்லை, தலையில் மானிட்டர் பெட்டியோடு ஒருவர், அவர் முதுகில் ஹாரன் அடித்தபடி ஒரு பைக். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்குள் போய், டிடிஆர்4 போர்டு என்று அழுத்திச் சொன்னேன். வந்த பெட்டியில் டி4 இல்லை. "தம்பி, இது டிடிஆர்5 மாடல்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், அதே 288 பின், உக்காரும்" என்றார்.

பின் எண்ணிக்கை என்னவோ அதேதான். ஆனால் ரேமின் அடியில் நடுவில் இருக்கிற வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. போதாததற்கு டிடிஆர்4 ஓடுவது 1.2 வோல்ட்டில், டிடிஆர்5 ஓடுவது 1.1 வோல்ட்டில். நான் இதைச் சொல்லச் சொல்ல அவர் உள்ளே போய் சீனியரை அழைத்து வந்தார். அவர் ஒரு படி மேலே போய், "பயாஸ் அப்டேட் பண்ணா எடுத்துக்கும் சார்" என்றாரே பார்க்கலாம்! பயாஸ் என்பது போர்டைத் தொடக்கிவைக்கிற மென்பொருள்; அதை அப்டேட் பண்ணி வெட்டை நகர்த்துகிற வித்தையை எங்கே கற்றாரோ. சரி, பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றால் பில் போடாமல் சீலை உடைக்க மாட்டார்களாம். பில் போட்டால்? பின்னால் சுவரில் எழுதியிருக்கிறது: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. டொராண்டோவில் பிரித்த போர்டையே ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் கட்டணம் பிடித்துக்கொண்டார்களே தவிர முகம் சுளிக்கவில்லை. நான் படிக்கிற காலத்தில் இதே தெருவில் துண்டுச்சீட்டில் விலை எழுதித் தருவார்கள், அதைக் காட்டி அடுத்த கடையில் ஐம்பது ரூபாய் குறைப்போம். யாரும் இப்படி அடித்துப் பேசியதாக நினைவில்லை.

கோபத்தில் திரும்பிப் போகலாம் என்று நடந்தவனை, "மாமா, மாடியில ஒரு கடை இருக்கு" என்று பையன் இழுத்துப் போனான். ஏசி இல்லை, ஒரு ஆள் நிற்கிற இடம். அங்கே இருந்த அண்ணன் முதலில் கேட்டதே, "பழைய ரேம் கையில இருக்கா?" என்றுதான். வாங்கி ஸ்டிக்கரைப் படித்தார், டி4 என்று எழுதிய பெட்டியை எடுத்து, அவராகவே சீலைக் கிழித்து, போர்டை அந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்தார். ஐ5 12400 பிராசஸர் ஒன்றைப் பொருத்தி, ரேமை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் அழுத்தினார். பவர் பட்டன் ஏது? ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு பின்னைத் தொட்டார், ஃபேன் சுற்றியது. பயாஸில் ரேம் வேகம் 2133 என்று காட்ட, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கிற எக்ஸ்எம்பியை ஆன் பண்ணி மறுபடி ஓடவிட்டு 3200 வந்ததைக் காட்டிவிட்டுத்தான், "இப்ப வாங்கிக்கறீங்களா சார்?" என்றார். கனடாவில் எந்தக் கடையிலும் எனக்கு இப்படி ஒருவர் செய்து காட்டியதில்லை. அங்கே அலமாரியிலிருந்து நாமே எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

சந்தோஷமாகப் பணம் எடுக்கப் போனால் அடுத்த கேள்வி: "பில் வேணுமா சார்? 18 பர்சென்ட் ஜிஎஸ்டி வரும்." இவருமா! போர்டுக்கு மூன்று வருஷ வாரண்டி இருக்கிறது, பில் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் பையன் எதை நீட்டுவான்? போடுங்கள் அண்ணே என்றேன். பில் புக்கைத் தேடி எடுக்க அவருக்கு ஆன நேரத்தில் இன்னொரு போர்டையே டெஸ்ட் பண்ணி முடித்திருக்கலாம்.