ஹெர்மிஸ் டைவுக்குப் பணம் கட்டும் முன் பேக்கப் சிலிண்டரைக் கண்ணால் பாருங்கள்

மட்டக்களப்புக் கடலில் எச்.எம்.எஸ். ஹெர்மிஸைப் பார்க்க டைவ் புக் செய்யப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான்.

நான் புக் செய்தபோது டைவ் கடையில் சொன்னது: இரட்டை சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் கருவி), ஏறி வரும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற இடையிடையே நிற்கும் டிகம்ப்ரஷன் ஸ்டாப்களில் சுவாசிக்க ஆக்சிஜன் கூடுதலாக உள்ள இன்னொரு சிலிண்டர். அதோடு 'பேக்கப் கிட்' என்று தனிக் கட்டணம். எல்லாவற்றையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள்.

படகில் இருந்ததோ ஒற்றை 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், பக்கத்தில் மாட்ட ஒரு 3 லிட்டர் குட்டி சிலிண்டர். கிட் பையில் இரண்டு கத்தி, ஒரு டார்ச், உபரி மாஸ்க், காலில் மாட்டும் துடுப்புக்கான (ஃபின்) வார். குட்டி சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜில் முள் 90 பாரில் நின்றது. ஆக்டோபஸின், அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் உபரி ரெகுலேட்டரின், மவுத்பீஸை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அதை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் டையே இல்லை.

"அதெல்லாம் தேவைப்படாது அண்ணா, நான் பக்கத்திலதானே நிப்பன்" என்றார் கூட வந்த தம்பி. அவரைச் சொல்லி என்ன, முதலாளி கொடுத்ததை ஏற்றி வந்திருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 லிட்டரில் 90 பார் என்றால் 270 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 50 மீட்டரில் அழுத்தம் ஆறு மடங்கு என்பதால் 120 லிட்டர் இழுப்பார். இரண்டே கால் நிமிடத்தில் காலி. பதறினால் அதுவும் நிற்காது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் எங்கும் நிற்காமல் மேலே வரவே ஐந்தரை நிமிடம் ஆகும், ஏற ஏற அழுத்தம் குறைந்தாலும் ஏறக்குறைய 390 லிட்டர் வேண்டும். டிகம்ப்ரஷன் ஸ்டாப்பை இன்னும் சேர்க்கவே இல்லை. கத்தி மட்டும் இரண்டு, மீனா வெட்டப் போகிறோம்?

நான் இறங்கவில்லை. கரைக்கு வந்து பணம் கேட்டால், கடல் சரியில்லை என்றால்தான் ரீஃபண்ட், நீங்களாக மறுத்தால் கிடையாது என்று ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார் முதலாளி. சரி, கிட் கட்டணமாவது? பையைத் திறந்துவிட்டேனாம்.

எல்லா டைவுக்கும் மூட்டை சுமக்கச் சொல்லவில்லை. 12 மீட்டரில் பவளப்பாறை பார்க்க ஒழுங்கான ஆக்டோபஸ், விலகிப் போகாத பார்ட்னர், படகுக்குத் தெரியும்படி ஒரு மிதவை போதும். அங்கே கிட் என்று காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹெர்மிஸ் ஆழத்துக்கு என்றால் முந்தின நாளே கடைக்குப் போய் ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் மாட்டிப் பாருங்கள். அப்புறம் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு ரெகுலேட்டரை உறிஞ்சுங்கள். காற்று வந்தால் எங்கோ கிழிசல் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்தபிறகு மீதிப் பணத்தைக் கொடுத்தால் போதும்.