லிக்னோகைனா பியூபிவகைனா, எது எதை முதல்ல மரக்க வைக்குது?

மரத்துப்போற ஊசின்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, தியேட்டர்ல தினமும் ரெண்டையும் சிரிஞ்ச்ல இழுக்கிறவங்கள கேட்டா தெரியும் ரெண்டும் வேற வேற குணம்.

வேகம் மட்டும் போதும்னா லிக்னோதான். தோலுக்கடியில போட்டு சில நிமிஷத்துல தையல் ஆரம்பிச்சிடலாம், 1940கள்ல ஸ்வீடன்ல கண்டுபிடிச்ச மருந்து, இன்னும் யாராலயும் ஓரங்கட்ட முடியல. பியூபி பெரிய நரம்பு பக்கத்துல போட்டா முழுசா பிடிக்க 20, 30 நிமிஷம் கூட இழுக்கும். சார்ஜ் இல்லாத மூலக்கூறுதான் நரம்புக்குள்ள நுழையும், உடம்போட பிஹெச் 7.4ல லிக்னோல அது கிட்டத்தட்ட கால்வாசி, பியூபில அதவிட கம்மி. சீழ் வச்ச பல்லுல ஊசி சரியா பிடிக்காததுக்கும் இதுவும் ஒரு காரணம், அங்க அமிலம் ஜாஸ்தி, சார்ஜ் இல்லாத மூலக்கூறு இன்னும் குறைஞ்சிடும்.

ஆனா எனக்கு வேகத்தவிட வரிசைதான் சுவாரசியம். ஸ்பைனல், அதாவது இடுப்புக்குக் கீழ மரக்க முதுகுத்தண்டுல போடுற ஊசி, போட்டதும் முதல்ல "கால் சூடாகுது டாக்டர்"னுதான் சொல்லுவாங்க, ரத்தக்குழாய இறுக்கி வச்சிருந்த நரம்பு முதல்ல படுத்துடுச்சுன்னு அர்த்தம், பிபியும் அப்பவே இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்பிரிட் பஞ்ச வச்சா சில்லுன்னு தெரியாது, அப்புறம் குத்துற வலி, அப்புறம் தொடுறது, கடைசியாதான் கால தூக்குற பலம். அதனால கால் விரல ஆட்டுறாங்கன்னு ஊசி பிடிக்கலன்னு முடிவு பண்ணாதீங்க, பஞ்ச வச்சு பாருங்க. "இழுக்குறது தெரியுது, வலிக்கல"ன்னு அவங்க சொன்னா அது கம்ப்ளைண்ட் இல்ல.

மெலிசான நரம்பு நார்தான் முதல்ல மரக்கும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்போம், அது பாதிதான் சரி. எல்லாத்துலயும் மெலிசு மையலின்ங்கிற கொழுப்பு உறை இல்லாத சி நார், ஆனா லேப்ல தனியா வச்சு பார்த்தா மையலின் போட்ட சின்ன நாருங்க அதுக்கு முன்னாடியே அடங்கிடுது.

இந்த பிரிச்சு மரக்க வைக்கிற வேலைல பியூபி லிக்னோவ தூக்கி சாப்பிட்டுடும். பிரசவ வலிக்கு முதுகுல மெல்லிய குழாய் வச்சு மருந்து ஓட்டுற எபிடியூரல்ல 0.125 சதவீதமோ அதுக்கும் கீழயோ ஓட்டினா வலி அடங்கிடும், கால் ஆடிட்டே இருக்கும். இதே வகையில இன்னொரு மருந்து ரோபிவகைன் இதுல இன்னும் கொஞ்சம் தேவலாம்.

பியூபில எனக்கு பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு, தவறி ரத்தக்குழாய்ல போயிடுச்சுன்னா இதயத்த பிடிச்சுக்கும், லேசுல விடாது. அதுக்கு மாத்தா ஏத்துற 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) பாட்டில் ரூம்லயே இருக்கான்னு பாத்துட்டுதான் நான் சிரிஞ்ச்ல கையே வைப்பேன்.