டெல்லியில் ஒரு நாள்தான் என்றால்: செங்கோட்டையா, ஹுமாயூன் கல்லறையா?

டெல்லிக்குப் போகிற நம்மவர்கள் பலருக்கு அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிடைப்பது ஒரே ஒரு நாள். ஆக்ரா, காசி, ஹரித்வார் என்று மற்ற நாட்களை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான். இந்தியா கேட், நாடாளுமன்றம், ராஷ்டிரபதி பவன் எல்லாம் வண்டியில் போகிற போக்கிலேயே கண்ணில் படும். இறங்கி, உள்ளே போய், நிதானமாகப் பார்க்க ஓர் இடம்தான் முடியும் என்றால் எதைப் பார்ப்பது? பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலும் செங்கோட்டை என்றுதான் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைகளோடு நாங்கள் இரண்டுக்கும் போய் வந்தோம். இப்போது யாராவது கேட்டால் நான் ஹுமாயூன் கல்லறையைச் சொல்கிறேன்.

கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் தொல்லியல் துறை வசம் இருப்பவை, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். போக்குவரத்தில் செங்கோட்டை முந்துகிறது. மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் கோட்டை எதிரிலேயே நிற்கும். ஹுமாயூன் கல்லறைக்கு மெட்ரோவில் இறங்கி ஆட்டோவும் பிடிக்க வேண்டும். ஆனால் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரை சம்பர்க் கிராந்தி போன்ற ரயில்களில் வருகிறவர்கள் இறங்குவதே ஹஸ்ரத் நிஜாமுதீனில். அங்கிருந்து கல்லறை பக்கம்தான்.

செங்கோட்டையின் வரலாற்றுக் கனத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஷாஜஹான் தலைநகரை ஆக்ராவில் இருந்து மாற்றத் தீர்மானித்து எழுப்பிய கோட்டை, 1648-ல் முடிந்தது. மயிலாசனம் இருந்த இடம் அது. 1739-ல் நாதிர்ஷா அதைக் கொள்ளையடித்துப் போனார். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை 1858-ல் ஆங்கிலேயர் விசாரித்ததும் அங்கேதான். நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது ஆங்கிலேயர் 1945-ல் அங்கே தொடங்கிய வழக்கு. மலாயா தோட்டங்களில் இருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். அந்த வழக்கில் நிறுத்தப்பட்ட மூன்று அதிகாரிகளில் ஒருவரான பிரேம் சேகல்தான் பின்னாளில், அந்தப் படையின் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய, சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியை மணந்தார். கோட்டைக்குள் நேதாஜிக்கும் அந்தப் படைக்குமான அருங்காட்சியகம் 2019-ல் திறக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் மற்றதைச் சொல்கிறேன்? கட்டடங்கள் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்பதால்தான்.

லாகூர் வாசல் வழியாக நுழைந்து, சத்தா சௌக் கடைகளைத் தாண்டி, நௌபத் கானா வழியாக உள்ளே போகும்வரை மனம் நிமிர்ந்துதான் இருக்கும். அதற்கப்புறம் பரந்த புல்வெளி. அரண்மனை எங்கே என்று கண் தேடும். 1857 எழுச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர் உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி, ராணுவக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். திவான்-இ-ஆம், திவான்-இ-காஸ், ரங் மஹால் என்று எஞ்சியவை தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. சுவரில் பதித்திருந்த விலையுயர்ந்த கற்கள் பல போய்விட்டன. மண்டபங்களுக்கு நடுவே நீர் ஓடிய கால்வாய் வறண்டு கிடக்கிறது. கோட்டையின் பின்சுவரை ஒட்டி ஓடிய யமுனை விலகிப்போய், அந்த இடத்தில் இப்போது ரிங் ரோடு. நாங்கள் போனபோது பளிங்கு மண்டபங்களைத் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. படித்துவிட்டுப் போகிறவருக்கு அந்த வெறுமையே பெரிய வரலாறு. ஆனால் கூட வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு, இங்கே இது இருந்தது, அங்கே அது இருந்தது என்று எவ்வளவு நேரம்தான் சொல்லிக்கொண்டிருப்பது?

ஹுமாயூன் கல்லறையில் அந்தச் சிக்கல் இல்லை. கட்டியது கட்டியபடி முழுசாகக் கண்முன் நிற்கிறது. முகலாய மன்னர் ஹுமாயூன் 1556-ல் டெல்லியின் புராணா கிலா கோட்டையில் நூலகப் படியில் தவறி விழுந்து இறந்தார். அவருடைய மூத்த மனைவி பேகா பேகம் முன்னின்று எழுப்பிய இந்தக் கல்லறை 1570-களின் தொடக்கத்தில் முடிந்தது, அதாவது தாஜ்மஹாலுக்கு அடித்தளம் போடுவதற்குச் சுமார் 60 ஆண்டுகளுக்கு முன்பே. நான்காகப் பகுத்த தோட்டம், அதன் நடுவே உயர்ந்த மேடை, சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் சேர்ந்த சுவர், மேலே இரட்டை அடுக்குக் கும்மட்டம். வெளியடுக்கு தொலைவில் இருந்து பார்ப்பவருக்காக உயர்ந்திருக்கிறது, உள்ளடுக்கு கூடத்தில் நிற்பவருக்கு ஏற்றபடி தாழ்ந்திருக்கிறது. உள்ளே போய்த் தலையை நிமிர்த்திப் பார்த்தால் இது புரிந்துவிடும், வழிகாட்டி தேவையில்லை.

இது இப்படி இருப்பது தானாக நடந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டில் ஒழுகல், விரிசல் வரும்போதெல்லாம் சிமெண்ட் பூசிப் பூசியே சமாளித்திருந்தார்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு கல்லையும் காரையையும் அரிக்கும். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை தொல்லியல் துறையோடு சேர்ந்து முதலில் தோட்டத்தையும் நீர்க்கால்வாய்களையும் சீராக்கி 2003-ல் முடித்தது. பிறகு 2007-ல் கட்டடத்தில் கை வைத்து 2013-ல் முடித்தார்கள். கூரையில் இருந்து மட்டும் அகற்றிய கான்கிரீட் 10 லட்சம் கிலோவுக்கு மேல். அத்தனை பாரத்தையும் அந்தக் கட்டடம் தாங்கி நின்றிருக்கிறது! எடுத்த இடங்களில் மறுபடி சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். நம் கோயில் திருப்பணிகளில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதைப் போல அதிலும் வெல்லம், பழக்கூழ் எல்லாம் உண்டு. கூரை மேல் உள்ள சிறு மண்டபங்களுக்கான நீல, பச்சை ஓடுகளைச் செய்யும் வித்தையை உஸ்பெகிஸ்தான் கைவினைஞர்கள் வந்து நிஜாமுதீன் பகுதி இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். புதுப்பித்தது புதிதாகத் தெரிகிறதே என்று சிலருக்குப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பழைய கட்டடத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அங்கே நின்று கற்றுக்கொள்ளலாம். சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்துச் சிற்பம் தேய்ந்த கோயில்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அது லேசான விஷயமில்லை.

அதே சீட்டில் ஈசா கான் என்ற பிரபுவின் கல்லறையும் பார்த்துவிடலாம். நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கும் எண்கோணக் கட்டடம், 1547-ஐச் சேர்ந்தது, பெரியதைவிடப் பழையது. அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பாவம். 2024-ல் நிலத்துக்கடியில் ஓர் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். 2014-ல் அடித்த புயலில் கும்மட்டத்தில் இருந்து விழுந்த பழைய கலசத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி, 90 ஏக்கர் தோட்டம். அதற்குச் சீட்டு தனி, ஆனால் பிள்ளைகளை ஓடவிட்டுப் பெரியவர்கள் உட்கார டெல்லியில் எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல இடம் இல்லை.

குறையும் உண்டு. கல்லறை மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து, ஒவ்வொன்றும் உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் தோட்டத்தில் இருந்தே பார்ப்பது நல்லது, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் செய்தார்கள். செங்கோட்டை முழுக்கச் சமதளம், நடைதான் அதிகம். சாப்பாட்டுக்கும் செங்கோட்டைப் பக்கம்தான் வசதி, எதிரிலேயே சாந்தினி சௌக். நாங்கள் போனது குளிர்காலம். மே மாத வெயிலில் அந்தக் கல் மேடை எப்படிச் சுடும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. செங்கோட்டையின் இரவு ஒலி-ஒளிக் காட்சிக்கும் நாங்கள் போகவில்லை, அதனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

குதுப் மினாரை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். 72.5 மீட்டர் கோபுரமும் துருப்பிடிக்காத இரும்புத் தூணும் பார்க்க வேண்டியவையே. ஆனால் 1981-ல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மேலே ஏற விடுவதில்லை, இடமும் நகரத்தின் தென்கோடி. ஒரு நாள் கணக்கில் அந்தப் போக்குவரத்து நேரம் கட்டுப்படியாகாது.

தாத்தாவோ பாட்டியோ இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றால், அல்லது சுதந்திர தினக் கொடியேற்றத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த ஆசை என்றால், யோசிக்காமல் செங்கோட்டைக்கே போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டியும் பார்வையாளர்களை விடமாட்டார்கள். மற்றவர்கள் ஹுமாயூன் கல்லறைக்குக் காலையில் சீக்கிரமே போய், முதலில் ஈசா கான், பிறகு பெரிய கல்லறை, வெயில் ஏறியதும் அருங்காட்சியகம், கடைசியாக சுந்தர் நர்சரி என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லாமல் மதியத்துக்குள் முடித்துவிடலாம்.