நிலாவெளி பஸ்ஸில் மச்சாளோடு

எட்டு வருசத்துக்குப் பிறகு திருகோணமலை. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் டவுனுக்குப் போய்ப் பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டு வருவமென்று மச்சாளைக் கூப்பிட்டேன். அவவுக்குச் சின்ன வயதில் போலியோ, சக்கர நாற்காலிதான். சல்வாரோடு வந்து நின்றா. கோயிலுக்குச் சேலை கட்டலாமே என்றேன். "தூக்கி ஏத்தேக்க சேலை ஒதுங்கும்."

பஸ்ஸின் முதல் படியே என் முழங்கால் உயரம். உள்ளே இன்னும் இரண்டு. கொண்டக்டர் பெடியன் நல்லவன், கேட்காமலே இறங்கினான். றோட்டில் நின்ற ஓர் ஐயாவையும் கூப்பிட்டுக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். நாற்காலியை மடித்து என்ஜின் மூடியில் சாத்தினார்கள். அதற்கும் ஒரு டிக்கெட் காசு! மச்சாள் சீட்டில் சரியாக இருக்க முன்னமே பஸ் எடுத்தாயிற்று. பின்னால் வாறவன் முந்திவிடுவானாம்.

நான் இருக்கிற லண்டனில் டிரைவர் பட்டனை அமர்த்த, நடுக்கதவிலிருந்து சாய்தளம் நீளும். நாற்காலியோடே உள்ளே போகலாம். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 90களில் மாற்றுத்திறனாளிகள் பஸ்களோடு தங்களை விலங்கிட்டு மறியல் செய்த ஊர் அது. பழைய படி வைத்த பஸ்கள் வழமையான சேவையிலிருந்து முற்றாகப் போனது 2005 கடைசியில்தான்.

இங்கே தாழ்தள பஸ்ஸை மட்டும் இறக்கினாலும் காணாது. நாங்கள் நின்ற தரிப்பிடத்தில் கல்லும் மணலும்தான். நடைபாதை உயரமாக இருந்தால்தான் சாய்தளம் படுக்கையாக விழும். மணலில் இறங்கினால் செங்குத்தாக நிற்கும், சில்லும் புதையும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சட்டமெல்லாம் மச்சாளுக்கு மனப்பாடம். 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், 2006இல் அணுகும் வசதிகளுக்கு வந்த ஒழுங்குவிதிகள், 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயம் என்று பஸ்ஸுக்குள்ளேயே விரல் மடித்துச் சொன்னா. முன் சீட்டுக்கு மேலே மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். "ஏறினால்தானே இருக்கிறதுக்கு," என்றா.

திரும்பி வரும்போது வேறு பஸ். கொண்டக்டர் நாற்காலியைப் பார்த்தான், கையை ஆட்டினான், நிற்கவில்லை. அடுத்ததும் அப்படியே. ஓட்டோ பிடித்தோம், பஸ் காசைவிடப் பல மடங்கு. எனக்கு அது பெரிசில்லை. மாதம் இரண்டு தரம் கிளினிக்குக்குப் போகிற மச்சாளுக்கு?

அடுத்த நாள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவமா என்று கேட்டேன்.

"ஓட்டோவா, பஸ்ஸா?"

பஸ்ஸென்றேன், வேண்டுமென்றே.

"அப்ப நீ போட்டு வா. எனக்குச் சமையல் கிடக்கு."