தண்ணீர் பழுப்பாக மாறினால் பதறாதீர்கள்: 'இலவச டெஸ்ட்' பற்றி ஓர் எச்சரிக்கை

திருச்சியில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு ஒரு மாதமாக தினமும் மதியம் ஒரு போன். அவர் சாப்பிட்டுக் கண் அசரும் நேரம் பார்த்து வரும். "உங்க ஏரியாவுல இலவசமா தண்ணி டெஸ்ட் பண்றோம்மா." வேண்டாம் என்றால் மறுநாள் வேறு எண், வேறு குரல். தொல்லை விட்டால் போதும் என்று கடைசியில் வரச் சொல்லிவிட்டார்.

வந்த பையன் இரண்டு கண்ணாடி டம்ளரை வைத்தான். ஒன்றில் எங்கள் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், மற்றதில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெஷினில் உப்பை வடிகட்டி எடுத்தது. கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கில் சொருகினான். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகத் திரண்டுவிட்டது. அவனுடையது தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் இத்தனை வருஷமா குடிச்சிருக்கீங்க. கிட்னி என்னத்துக்கு ஆகும்?"

என் அப்பா சிறுநீரகக் கோளாறில் இறந்தவர். அன்று ராத்திரி அம்மா போனில் கேட்டார்: "உங்கப்பாவுக்கு நான்தானேடி தண்ணி மோந்து குடுத்தேன்?" 17,500 ரூபாய் ஆர்.ஓ. மெஷினுக்கு 4,000 முன்பணம் போனதைவிட இந்தக் கேள்விக்காகத்தான் எனக்குக் கோபம்.

சனிக்கிழமை மெஷின் மாட்ட வந்தபோது நானும் ஊரில் இருந்தேன். திரும்பவும் அந்த வித்தையைச் செய்யச் சொன்னேன். இந்த முறை அவன் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டேன். அதுவும் பழுப்பாகத் திரண்டது. பையன் ஒன்றும் பேசவில்லை. "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று மெஷினையும் தூக்கிக்கொண்டு போனவன்தான்.

விஷயம் இதுதான். அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது. நாம் பார்ப்பது கம்பியின் அழுக்கு, தண்ணீரின் அழுக்கு இல்லை.

அவனுடைய மீட்டரிலேயே எங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 280 தான் காட்டியது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை தாராளமாக ஏற்கலாம். அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019ல் உத்தரவிட்டது. தண்ணீரை அத்தனை வீணாக்கும் மெஷின் அது. கிருமி இருக்கிறதா என்பதை டி.டி.எஸ். மீட்டரும் சொல்லாது, இந்தக் கம்பியும் சொல்லாது. அதற்கு லேபில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் காய்ச்சிக் குடியுங்கள்.

முன்பணம் இன்னும் வரவில்லை. அந்த எண்கள் எதுவும் எடுப்பதில்லை. ரசீதைப் படம் எடுத்துவைத்து, நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் எண்ணை 1909ல் டி.என்.டி.யில், அதாவது விற்பனை அழைப்பு வேண்டாம் என்பவர்களின் பட்டியலில், பதிந்தாயிற்று. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து விற்பனை அழைப்பு வந்தால் அங்கேயே புகாரும் செய்யலாம்.

அப்புறம் விசாரித்ததில் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டிலும் வயதானவர்கள் மட்டும்தான். உங்கள் அப்பா அம்மா ஊரில் தனியாக இருந்தால் இன்றைக்கே போன் போட்டு, அந்த உப்பு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.