அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை: திருச்சி விசாக் கடை பற்றி என் கணக்கு

சிங்கப்பூர் விசாவுக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. ஒரே கடைக்கு எப்படி இரண்டு மதிப்பெண் என்றால், கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். கடையின் பெயரைப் போடவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி, கண்ணாடிக் கதவில் இரட்டைக் கோபுரப் படம். இப்படி நம்மூரில் எத்தனையோ இருக்கின்றன.

நான் ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டரில் இருக்கிறேன். நாள் முழுக்கப் படிவம், போட்டோ, கையெழுத்து. அதனால் படிவம் என்றால் எனக்குப் பயம் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குப் பத்து மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. அப்பாவுக்குச் சிங்கப்பூர். நாற்பது வருடத்துக்கு முன்னால் கப்பல் கட்டும் வேலைக்குப் போக இருந்து, கடைசி நேரத்தில் தாத்தா தடுத்துவிட்டாராம். சரி, திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சிங்கப்பூர், சாங்கியிலிருந்து திருச்சி என்று டிக்கெட் போட்டேன். அப்புறம்தான் அந்த மாடிப்படி ஏறினேன்.

கடைக்காரர் முதலில் மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கிப் புரட்டினார். அம்மாவுடையதில் கை நின்றது. “மேடம், இவங்களுக்கு இசிஆர் இருக்கே.”

இசிஆர் என்றால் எனக்கு மகாபலிபுரம் போகிற ரோடுதான் தெரியும். பாஸ்போர்ட்டில் அதற்கு வேறு அர்த்தம். ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’ என்பதன் சுருக்கம். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்காகச் சில வெளிநாடுகளுக்குப் போகும்போது ஏமாற்றப்படக் கூடாது என்பதற்காக, முதலில் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிற காப்பு அது. அம்மா எட்டாவது வரைக்கும்தான். 48 வயதில் பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த முத்திரையோடு வந்திருக்கிறது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. “மலேசியா இசிஆர் லிஸ்ட்ல இருக்கு மேடம். ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்க. முத்திரைய எடுத்துட்டுத்தான் போகணும். எட்டாயிரம் ஆகும், நாங்களே முடிச்சுத் தந்துடுறோம்” என்றார். அம்மா முகம் சுருங்கிவிட்டது. “நான் படிக்காததுக்கு இங்கயும் வந்து கேக்குறாங்களா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். இசிஆர் பட்டியலில் 18 நாடுகள் இருக்கின்றன. வளைகுடா நாடுகளோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியாவும் அதில் உண்டு. ஆனால் அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்கு. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது வேண்டியதில்லை. திரும்பி வருகிற டிக்கெட் கையில் இருந்தால் போதும். போதாததற்கு, 50 வயது தாண்டியவர்களுக்கு இசிஆர் வகையே பொருந்தாது. அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது முத்திரை இல்லாமலே வாங்கிக்கொள்ளலாம். அம்மாவுக்கு 57. இதெல்லாம் அன்றிரவு வெளியுறவு அமைச்சகத்தின் பக்கங்களைப் படித்துத் தெரிந்துகொண்டது. தினமும் இதே வேலை பார்க்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அவர் பார்க்க மறந்ததை நான் பார்த்தேன். அதே பாஸ்போர்ட் முடிய ஏழு மாதம் சொச்சம்தான் பாக்கி. போய் இறங்குகிற நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று இரண்டு நாடுகளும் கேட்கின்றன. காலண்டரில் நாள் எண்ணிப் பார்த்து, இருபத்தி மூன்று நாள் மிச்சம் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த பயமுறுத்தல் பெயர். நம் ஆட்களுக்கு ஏது சர்நேம்? அம்மா பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான், குடும்பப் பெயர் என்ற இடம் காலி. “சிங்கிள் நேம் இருந்தா விசா வராது” என்றார். இது ஐக்கிய அரபு அமீரகத்தின் விதி. 2022 நவம்பரில் கொண்டுவந்தார்கள். அங்கேயும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஒத்துக்கொள்கிறோம் என்று உடனே தளர்த்திவிட்டார்கள். துபாய் விதியைக் கொண்டுவந்து சிங்கப்பூர் தலையில் கட்டினார் இவர். விமான டிக்கெட்டில் மட்டும் இரண்டு கட்டம் நிரப்பியே ஆக வேண்டும் என்பதால், ஏர்லைன் சொன்னபடி அம்மா பெயரை இரண்டு முறை போட்டிருந்தேன். கூப்பிட்டால் கேட்காத பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது டிக்கெட்.

இனி நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் நிஜம்.

சிங்கப்பூர் விசாவுக்கு இந்தியர்கள் தாங்களே நேராக விண்ணப்பிக்க முடியாது. தூதரகம் அங்கீகரித்த முகவர் வழியாகப் போக வேண்டும். இல்லையென்றால் அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள, 21 வயது நிரம்பிய ஒருவர் சிங்பாஸ் என்கிற தன் அரசு இணையக் கணக்கில் நமக்காக விண்ணப்பிக்க வேண்டும். என் பெரியம்மா மகன் அங்கேதான் இருக்கிறான், ஆனால் வேலை அனுமதியில்; அது செல்லாது. ஆக கடைதான் வழி. அங்கீகரித்த முகவர்கள் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டேன், இருந்தது.

வேலையைச் செய்தது கடைக்காரர் இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். நான் கொண்டுபோன போட்டோக்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர் அம்மாவை நாலு நிறம் வெளுக்க வைத்து, கன்னத்துக் கோடுகளைத் துடைத்து, கல்யாணப் பெண் மாதிரி ஆக்கியிருந்தார். “அக்கா, அங்க கவுன்ட்டர்ல இருக்கிறவரு போட்டோவையும் ஆளையும் மாத்தி மாத்திப் பாப்பாரு. இது அம்மா இல்ல, அம்மாவோட தங்கச்சி” என்றாள். 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது, பளபளப்பு இல்லாத தாள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, “டச்சப் பண்ணக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லுங்க” என்று திருப்பி அனுப்பினாள். ஸ்டூடியோக்காரருக்கு மனசே வரவில்லை. லேசாகவாவது வெளுக்கட்டுமா என்று மூன்று முறை கேட்டார்.

படிவத்தின் பெயர் 14ஏ. அதை அவள் நிரப்பிய விதத்தை எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும். அப்பா பாஸ்போர்ட்டில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இப்போதெல்லாம் ஆங்கிலத்தில் போடுகிறார். நான்கூடக் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். ஆதாரில் அப்பா பெயரில் ஒரு எழுத்துக் கூடுதல், பாஸ்போர்ட்டில் குறைவு. பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் என்று அடித்து எழுதினாள். ‘இனம்’ என்று ஒரு கட்டம் வந்தபோது அப்பா குரலைத் தாழ்த்தி, “சாதியா கேக்குறாங்க?” என்றார். “இல்லப்பா, இந்தியன்னு போட்டாப் போதும்” என்றாள். அம்மாவின் படிப்புக்கு எட்டாம் வகுப்பு என்று எழுதிவிட்டு, கடைக்காரர் மாதிரி எதுவும் பேசாமல் அடுத்த கட்டத்துக்குப் போனாள். அந்த அரை நட்சத்திரம் அதற்காக.

திங்கட்கிழமை அனுப்பினாள், வியாழன் மாலை மூன்று விசாவும் வந்துவிட்டது. தலைக்கு 3,200 ரூபாய். அதில் சிங்கப்பூர் அரசு வாங்குவது 30 சிங்கப்பூர் டாலர், நம் காசுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம். கிடைக்காவிட்டாலும் அந்தத் தொகை திரும்பி வராது. மீதி கடைக்கு. அவள் வேலைக்கு நியாயமான கூலி என்றுதான் சொல்வேன், அவளுக்கு எவ்வளவு போகிறதோ தெரியாது. விசாத் தாளில் இருக்கிற தேதி எதுவரை நுழையலாம் என்பதற்கு, எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கு இல்லை, அதை எல்லையில் அதிகாரி முடிவு செய்வார் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

அதோடு பணம் கட்டி எழுந்து வந்திருக்க வேண்டும். கடைக்காரர் விடவில்லை.

மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம். 2026 கடைசி வரைக்கும் இதை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் அதே போல ஓர் அட்டை. ஒவ்வொன்றுக்கும் தலைக்கு ஐந்நூறு என்றார். மூன்று பேர், இரண்டு நாடு, மூவாயிரம் ரூபாய். “கவர்மென்ட் ஃபீஸ் மேடம்” என்றார். இன்சூரன்ஸ் கட்டாயம் என்று தலைக்கு 900 வேறு கேட்டார், அதை மட்டும் மறுத்துவிட்டேன், கட்டாயம் கிடையாது. அட்டைகளுக்குப் பணம் கொடுத்தேன். படிவத்துக்குப் பயம் இல்லாதவள் என்று முதலில் எழுதினேனே, அந்த வீரம் அங்கே எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. ஊர் மாறினால் படிவமும் பயமுறுத்துகிறது.

இரண்டு அட்டையுமே இலவசம். இரண்டையும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். பதினைந்து நாளுக்கு முன்னாலேயே அவர் பணம் வாங்கிப் போட்டுக்கொண்டதால், நேரம் வந்தபோது மறந்துவிட்டார். நாங்கள் வெள்ளிக்கிழமை காலை கோலாலம்பூரில் இறங்க வேண்டும். புதன்கிழமை மாலை வரை ஒன்றும் வரவில்லை, போனை எடுக்கவில்லை. இரவு எட்டரைக்கு, இட்லிக்கு மாவு அரைத்து வழித்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

தேடுபொறியில் அடித்ததும் மேலே வந்தது அரசுத் தளம் இல்லை. இரட்டைக் கோபுரம், கொடி, எல்லாம் இருந்தது; கடைசிப் பக்கத்தில் அட்டை எண் கேட்டு டாலரில் பணம். அங்கேதான் சுதாரித்தேன். முகவரியில் மலேசிய அரசுக்குரிய முடிவு இருக்கிறதா என்று பார்த்து, குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்துக்குப் போனேன். பெயருக்கு ஒரே கட்டம்! முதல் பெயர், கடைசிப் பெயர் தொல்லையே இல்லை. பாஸ்போர்ட் எண், அது முடிகிற தேதி, விமான எண், தங்குகிற இடத்தின் முகவரி. மூன்று பேருக்கும் சேர்த்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நகைக்கடனுக்கு இதைவிட அதிகம் எழுதுகிறோம்.

பிரயாணத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். திருச்சியில் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையம், அப்பா தூண் ஓவியங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். குடிநுழைவு கவுன்ட்டரில் அம்மாவிடம் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். “முருகனைப் பாக்க” என்றார். யாரோடு, எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டு, சாங்கி டிக்கெட்டைப் பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார் அதிகாரி. எட்டாயிரம் ரூபாய் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

கோலாலம்பூரில் இரண்டு ஆள்காட்டி விரலையும் கருவியில் வைக்கச் சொன்னார்கள். அம்மாவின் ரேகை விழவில்லை. ஆயுசுக்கும் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். ரேஷன் கடையிலும் இதே கதைதான். அந்த அதிகாரி தமிழர், “அழுத்தாம வைங்கம்மா” என்று சொல்லி, ஈரத்தாள் கொடுத்துத் துடைக்க வைத்து, நாலாவது முறை எடுத்தார். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கையில் ஈரத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் இதைச் சொல்லமாட்டார்கள்.

பத்து மலையில் 272 படி. அம்மா உட்காராமல் ஏறினார், நான்தான் உட்கார்ந்தேன்.

சிங்கப்பூர் அட்டையை ஞாயிறன்று ஓட்டல் அறையில் நிரப்பினேன், ‘தரை வழி’ என்று தேர்ந்தெடுத்து. இமெயில் முகவரியைச் சரியாகக் கொடுங்கள், ஏனென்றால் சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்கிற இ-பாஸ் மெயிலில்தான் வரும். பஸ்ஸில் எல்லை தாண்டுவது விமானத்தைவிட அலைச்சல்: ஜொகூர் பக்கம் இறங்கி வெளியேறும் முத்திரை, மறுபடி ஏறி, பாலம் தாண்டி, பெட்டி படுக்கையோடு இறங்கி உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி. முழங்கால் வலி உள்ளவர்களை இந்த வழியில் கூட்டிப்போக மாட்டேன், இனிமேல்.

அப்பாவின் புகையிலைப் பொட்டலத்தைத் திருச்சியிலேயே எடுத்து வைத்துவிட்டேன். மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோவது குற்றம். இதைக் கடையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ஐந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

திரும்பி வந்ததும் கடைக்குப் போய் மூவாயிரத்தைக் கேட்டேன். “நீங்களே போட்டுட்டீங்களா மேடம், சொல்லியிருக்கலாமே” என்றார். ஆயிரத்து ஐந்நூறு கையில் வந்தது. மீதியை அடுத்த டிரிப்பில் கழித்துக்கொள்ளலாமாம். ஜன்னலோரப் பெண் தலையைக் குனிந்தபடி ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சிங்கப்பூர் விசா என்றால் மறுபடியும் அங்கேதான் போவேன், அவள் இருக்கிற வரைக்கும்.

போன வாரம் அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நானே இணையத்தில் பதிந்து, 1,500 ரூபாய் கட்டி, பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேரம் வாங்கிவிட்டேன். போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்கு எப்போது போகலாம் என்று அம்மா கேட்டார். வேண்டாம், சேவை மையத்தில் அவர்களே எடுப்பார்கள் என்றேன்.

“அப்போ கறுப்பாத்தான் வருவேன்” என்றார்.