வினைலா, கேசட்டா, பேண்ட்கேம்பா? ஒரு வீட்டு லேபிளின் கணக்கு

எங்கள் எலக்ட்ரானிக் இசை லேபிளில், அதாவது இசையை வெளியிடும் சிறு நிறுவனத்தில், ஐந்து பேர். இசையைத் தேர்ந்தெடுப்பது நானும் தம்பியும். கணக்கு அக்கா. அட்டை வடிவமைப்பும் பார்சலும் இரண்டு நண்பர்கள். வினைல் இசைத்தட்டு போடலாமா, இசைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம் போதுமா என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒலித்தரத்தை வைத்தே பதில் சொல்லப்படுகிறது. நான் பார்ப்பது வேறு: இசை கொடுத்த நண்பனுக்கு அவன் பங்கு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்கிறது? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

வினைல் ஆசை எனக்கும் உண்டு. 1989-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்டு கடை நடத்திய நண்பர்கள் வார்ப் என்ற எலக்ட்ரானிக் இசை லேபிளைத் தொடங்கியபோது, முதல் தட்டு 500 பிரதிதான். அரசின் சுயதொழில் உதவித்தொகையில் அச்சடித்து, இரவல் காரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வினைலுக்குப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும். மாஸ்டரிங் (ஒலியை இறுதியாகச் சீராக்குவது), லேக்கர் வெட்டுதல் (மூலத்தட்டில் ஒலிவரியைச் செதுக்குவது), அச்சுத்தகடு மூன்றுக்கும் 100 பிரதி என்றாலும் 500 என்றாலும் ஒரே செலவு. குறைவாக அடித்தால் ஒரு தட்டின் விலை எகிறிவிடும்.

எங்கள் முதல் தட்டின் டெஸ்ட் பிரெஸ்ஸிங், அதாவது சோதனைப் பிரதி, வந்தது. பி பக்கத்தில் பேஸ் (அடிநாதம்) நுழையும் இடத்தில் ஊசி துள்ளி அடுத்த வரிக்குப் போனது. திரும்பப் போட்டோம், அதே இடத்தில் அதே துள்ளல். அடிநாதத்தை இடது, வலது ஸ்பீக்கர்களில் வெவ்வேறாக விரித்துவிட்டிருந்தோம்; வினைலுக்கு அதை மோனோவாக்கி, அதாவது இரண்டிலும் ஒன்றாக்கித்தான் அனுப்ப வேண்டும். மறுபடி வெட்டும் செலவு யாருடையது? இசையமைத்தவன் தம்பியின் உயிர்த்தோழன். லேபிள் ஏற்பது என்று பேசி முடிக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கேசட் அந்த அளவுக்குப் படுத்தாது. 50 பிரதி போதும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அட்டை மடித்துச் செருகிவிடலாம். முதலீடும் சிறிது, வரவும் சிறிது.

ஸ்ட்ரீமிங்கை நம்பி லேபிள் நடத்த வேண்டாம் என்பேன். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை எதுவும் தருவதில்லை. 30 வினாடி கேட்டாலே ஒரு கணக்கு என்பதால், பத்து நிமிட டெக்னோவுக்கும் இரண்டு நிமிடப் பாட்டுக்கும் ஒரே எண்ணிக்கைதான்.

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருள்களில் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி ஓரிரு நாளில் வந்துவிடும். யார் வாங்கினார்கள் என்பதும் தெரியும். அக்கா அன்றைக்கே பங்கைப் பிரித்து அனுப்பிவிடுகிறாள். ஆனால் அந்தத் தளம் 2022-இலும் 2023-இலும் கைமாறியது. அதனால் வாங்கியவர்களின் பட்டியலை எங்களிடமும் எடுத்து வைத்திருக்கிறோம். இப்போதைக்கு எங்கள் தேர்வு பேண்ட்கேம்பும் 50 கேசட்டும். ஒரு இசை நன்றாக விற்று, அந்தப் பணமே வினைலுக்குப் போதுமென்றால் மட்டும் தட்டு.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். மான்செஸ்டரின் ஃபேக்டரி லேபிள், இசைஞருக்கும் லேபிளுக்கும் பாதிக்குப் பாதி என்ற வாய்ப்பேச்சில்தான் பெரும்பாலும் நடந்தது. 1992-இல் அதை வாங்க வந்தவர்கள், பதிவுகளின் உரிமை லேபிளிடம் இல்லை என்று தெரிந்ததும் விலகினார்கள், லேபிள் திவாலானது. எங்களுடையது ஒரு பக்கத் தாள்: செலவு போக லேபிளுக்கும் இசைஞருக்கும் பாதிப் பாதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக் கணக்கு அறிக்கை, ஐந்து ஆண்டு கழித்து உரிமை முழுதும் இசைஞருக்கே. முதல் கையெழுத்து தம்பியின் அந்தத் தோழன் போட்டது.